புதுப்பிப்பு: கன்னியாகுமரி அந்தி வானமும் கருத்துப்போகும் பாறைகளும்

அந்தியில் கடற்கரையைப் படமெடுக்கும்போது வானம் சரியாக வந்தால் பாறை கருக்கிறது, பாறை தெரிந்தால் வானம் வெளுக்கிறது என்று முன்பு கேட்டிருந்தேனே, வழி கிடைத்துவிட்டது. சூரியனை விட்டுவிட்டுப் பக்கத்து வானத்தில் ஸ்பாட் மீட்டரிங் (ஒரு சிறு இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் முறை) வைத்து அளந்தேன். ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான கேமரா உணர்திறன்) 100, ரா கோப்பு (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு). வெளுத்துப்போன இடத்தில் மீட்க எதுவும் இருக்காது, இருண்ட பகுதியைப் பிறகு எடிட்டிங்கில் கொஞ்சம் வெளிச்சமாக்கிவிடலாம்.

வெவ்வேறு எக்ஸ்போஷரில் (கேமராவுக்குள் விடும் வெளிச்ச அளவில்) மூன்று படம் எடுத்து இணைக்கச் சிலர் சொன்னார்கள். பாறைக்கு அருமை. ஆனால் அலை ஒவ்வொரு படத்திலும் வேறிடத்தில் இருப்பதால் இணைத்ததும் நுரை இரட்டையாகத் தெரிகிறது. கடலுக்கு 3 ஸ்டாப் கிராஜுவேட்டட் என்டி ஃபில்டர்தான் (மேல்பாதி மட்டும் கருமையாக இருந்து, வானத்தின் வெளிச்சத்தை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும் கண்ணாடி) என் தேர்வு. பாறை அடிவானத்தைத் தாண்டி நீண்டால் மட்டும் அதன் தலை கருக்கும். அங்கே கருமை மெல்ல மெல்லக் குறையும் மென்மையான விளிம்புள்ள ஃபில்டர் போடுங்கள்.

அப்புறம், சூரியன் மறைந்ததும் கிளம்பிவிடாதீர்கள். வெளிச்ச வித்தியாசம் குறைந்து, ஃபில்டர் இல்லாமலே வானமும் பாறையும் ஒரே படத்தில் அடங்கும்.