மனநோய் கூடினா 119க்கு (பொலிஸ்) அடிக்கிறதா 1990க்கு (அம்புலன்ஸ்) அடிக்கிறதா? நர்ஸோட பொலிஸ் வர்ற முறை கொழும்புக்குச் சரிவருமா?

வெள்ளவத்தை வாசி:

எல்லாருக்கும் வணக்கம். எங்கட ஃபிளாட்ஸ்ல மேல் மாடியில ஒரு ஆன்ட்டி இருக்கிறா, மகனுக்கு ஸ்கிசோஃப்ரினியா. மருந்தோட நல்லா இருந்த பெடியன், வேலைக்கும் போய்க்கொண்டிருந்தவர், பிறகு மருந்தை நிப்பாட்டிட்டார் போல. போன கிழமை இரவு கதவைப் பூட்டிக்கொண்டு தாயையே உள்ள விடேல்ல, பால்கனியால சாமான் எறிஞ்சு கீழ நிண்ட ஒரு காரில பட்டிட்டு, ஆரோ 119க்கு அடிச்சிட்டினம். ரெண்டு பொலிஸ் வந்தவை. ஆன்ட்டிக்குச் சிங்களம் அரைகுறை, அவைக்குத் தமிழ் துப்புரவா இல்ல, நான்தான் படியில நிண்டு அங்கயும் இங்கயும் சொல்லிக்கொண்டிருந்தன். முதல் கேள்வியே குடிச்சிருக்கிறாரா, குடு அடிக்கிறவரா எண்டுதான். அவையைக் குறை சொல்லேல்ல, வேற என்ன கேக்கிறதெண்டு தெரிஞ்சிருக்காது. ஆனா கதவில ஒவ்வொரு தட்டுக்கும், வோக்கிடோக்கி கரகரக்கிற ஒவ்வொரு தரமும் உள்ள சத்தம் கூடிக்கொண்டே போச்சு.

கடைசியில கதவைத் திறக்க வச்சது ஆரெண்டா எங்கட செக்யூரிட்டி ஐயா. "தம்பி, மேல டேங்க் நிரம்புதில்ல, உங்கட பைப்பில தண்ணி வருதோ எண்டு ஒருக்கா பாத்துச் சொல்லுங்கோ" எண்டு சாதாரணமாக் கேட்டார், உள்ளுக்கு இருந்து "வருது ஐயா" எண்டு பதில் வந்தது, அப்பிடியே கதை குடுத்துக் குடுத்து திறக்க வச்சிட்டார். பெடியன் இப்ப வார்ட்ல, பரவாயில்லையாம்.

டொரோண்டோவில இருக்கிற மச்சாளுக்குச் சொன்னா அவ கேக்கிறா, உங்கட இடத்தில பொலிஸோட நர்ஸ் வரமாட்டினமோ எண்டு. எனக்குத் தெரிய வேண்டியது ரெண்டு விஷயம். அடுத்த தரம் இப்பிடி வந்தா முதல்ல எந்த நம்பருக்கு அடிக்கிறது? மற்றது, மச்சாள் சொல்ற முறை இங்க நடக்கக்கூடிய விஷயமா, இல்லாட்டி சும்மா பேச்சுக்குத்தானா?

வார்ட் மிஸ்ஸி:

நான் கொழும்புப் பக்கம் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரி மனநல வார்ட்ல வேலை செய்யிறன், ஆஸ்பத்திரி பேர் வேண்டாம்.

ஆள் கோபமா இருக்கிறார், நித்திரை இல்ல, தனியக் கதைக்கிறார், ஆனா ஆருக்கும் ஆபத்தில்ல எண்ட நிலை எண்டா முதல்ல 1926. அங்கொடை தேசிய மனநல நிறுவகத்திண்ட லைன் அது. எடுத்த உடன தமிழ்ல கதைக்கிற ஆள் வேணும் எண்டு கேளுங்கோ, கூச்சப்படாதேங்கோ. மயக்கம், காயம், மருந்தை அள்ளிப் போட்டுட்டார் எண்டா யோசிக்கவே வேண்டாம், 1990, காசு இல்ல. கையில கத்தி, ஆரையும் வெட்டப் போறார், மாடி விளிம்பில நிக்கிறார் எண்டா 119தான், அந்த நேரம் பொலிஸ் வேண்டாம் எண்டு நான் சொல்லமாட்டன், வார்ட்ல எங்களுக்கே சில நாளைக்கு ஆக்கள் காணாது.

119க்கு அடிச்சா எப்பிடிச் சொல்றம் எண்டதிலயும் இருக்கு விஷயம். "பைத்தியம் பிடிச்சிட்டு, ஓடி வாங்கோ" எண்டா வாறவை அடிபிடிக்குத் தயாராத்தான் வருவினம். "இவருக்கு மனநோய், இந்த ஆஸ்பத்திரியில கிளினிக் இருக்கு, மருந்து நிப்பாட்டி இவ்வளவு நாள், கையில ஒண்டும் இல்ல, சத்தத்துக்குப் பயப்பிடுவார்" எண்டு சொன்னா வர்ற விதமே வேற. கிளினிக் கொப்பியையும் கடைசியாக் குடுத்த டயக்னோசிஸ் கார்டையும் அலுமாரிக்குள்ள பூட்டி வைக்காம வாசலுக்குக் கிட்ட வையுங்கோ. அரைவாசிப் பேர் வார்டுக்கு வந்து நிண்டுகொண்டுதான் "வெள்ளைக் குளிசை ஒண்டு, மஞ்சள் ஒண்டு" எண்டு சொல்லுவினம். மாதம் ஒருக்கா டெப்போ ஊசி (உடம்புக்குள்ள மெதுவாக் கரைஞ்சு கன நாளைக்கு வேலை செய்யிற மருந்து) போடுற ஆள் எண்டா கடைசி ஊசி எப்ப எண்ட திகதி எங்களுக்குத் தங்கம் மாதிரி.

செக்யூரிட்டி ஐயா செய்ததுதான் நாங்க ட்ரெய்னிங்ல படிச்சது, ஒருத்தர் மட்டும் கதைக்கிறது, குரல் தாழ்த்திறது, அவருக்குப் பழகின விஷயத்தைப் பிடிச்சுக் கதைக்கிறது. பொய் சொல்லித் திறக்க வைக்கிறதுதான் எனக்கு விருப்பமில்ல, டேங்க் உண்மையாவே நிரம்பேல்லயோ தெரியாது 😄

டொரோண்டோ தம்பி:

மச்சாள் சொன்னது எம்சிஐடி எண்டு நினைக்கிறன். 2000ஆம் ஆண்டில தொடங்கினது, ஒரு பொலிஸும் ஒரு மனநல நர்ஸும் ஒரே கார்ல வருவினம். ஆனா இங்க கனபேருக்குத் தெரியாத விஷயம், தொடக்கத்தில அவை முதல்ல வாற ஆக்களா இருக்கேல்ல, சாதாரண பெட்ரோல் கார் போய் ஆபத்தில்ல எண்டு பாத்த பிறகுதான் நர்ஸ் வந்தது. அதாவது கதவைத் தட்டின முதல் ஆள் அதே பழைய பொலிஸ்தான். ஸ்கார்பரோவில எங்கட சொந்தத்தில ஒரு ஆளுக்கு வந்தவை, அந்த நர்ஸ் சப்பாத்தைக் கழட்டிட்டுத்தான் உள்ள வந்தவ, ஹோல்ல நிலத்தில இருந்து கடைசியா எப்ப சாப்பிட்டனீங்கள் எண்டு கேட்டவ, மற்றக் கேள்வி எல்லாம் பிறகு. பொலிஸ்காரர் குசினிப் பக்கம் போய் நிண்டுகொண்டார். ஆஸ்பத்திரிக்கே போகேல்ல, அடுத்த நாளைக்கு டொக்டர் அப்பொயின்ட்மென்ட் எடுத்துக் குடுத்திட்டுப் போச்சினம்.

இதில திருப்தி இல்லாமத்தான் 2022ல சிட்டி வேறொண்டு தொடங்கினது, 211க்கு அடிச்சா பொலிஸே இல்லாம கிரைசிஸ் வேலையாக்கள் மட்டும் வருவினம், 2024ல முழு டொரோண்டோவுக்கும் வந்திட்டு. ஆயுதம் இருந்தா அப்பவும் பொலிஸ் வாற 911தான்.

கொட்டாஞ்சேனைப் பெடியன்:

எல்லாம் சரி, ஆனா கொழும்புல இருந்துகிட்டு இதப் பேசும்போது 2009 பம்பலப்பிட்டிய ஒருத்தரும் எடுக்கலயே? ரோட்ல ரயிலுக்கும் வாகனத்துக்கும் கல்லெறிஞ்ச மனநோயாளித் தமிழ்ப் பெடியன், கடலுக்குள்ள எறங்கி ரெண்டு கையையும் கூப்பிக் கெஞ்சக் கெஞ்ச கட்டையால அடிச்சு அமுக்கினாங்க, நாடே டீவியில பாத்துச்சு, அடிச்ச ஆக்களோட பொலிஸ்காரரும் இருந்தாரு. அத பாத்த எங்க வீட்டு ஆக்களுக்கு ஒரு நர்ஸ பக்கத்துல ஒக்கார வச்சா பயம் போயிருமா? எனக்குத் தோணுறது, நர்ஸையும் அதே ஜீப்புல ஏத்துனா நாளைக்கு நர்ஸப் பாத்தும் ஓடுவாங்க, கிளினிக்குக்கே வரமாட்டாங்க.

அமெரிக்காவுல ஓரிகன் யூஜீன்ல 1989லயே காஹூட்ஸ்ன்னு ஒண்ணு தொடங்குனாங்க, ஒரு மெடிக், ஒரு கிரைசிஸ் வேர்க்கர், ஒரு வேன், அவ்ளோதான், துப்பாக்கியும் இல்ல யூனிஃபோமும் இல்ல. நமக்கு அதுதான் வேணும்.

டொரோண்டோ தம்பி:

காஹூட்ஸ் நல்லதுதான் தம்பி, ஆனா 2025ல யூஜீன்ல அதை நிப்பாட்டிட்டினம், காசுப் பிரச்சினை. முப்பத்தஞ்சு வருஷம் ஓடின வேனுக்கே அந்த நிலை, எங்கட திறைசேரி என்ன செய்யும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

ரிட்டயர்ட் சார்ஜன்ட்:

நான் பொலிஸ்ல இருந்தவன், கொழும்புலயும் வேலை செஞ்சேன், தமிழ் ஆள். பம்பலப்பிட்டி விஷயத்துக்கு நான் சமாதானம் சொல்ல வரல, சொல்லவும் ஏலாது. ஆனா மத்த நாள்ல என்ன நடக்குதுன்னு சொல்றேன். இப்படி ஒரு கோல் வந்தா போறது ட்யூட்டியில இருக்கிற ரெண்டு கொன்ஸ்டபிள். காலையில களவு கேஸுக்குப் போன அதே பெடியன்கள், அதே பொல்லு. ஒருத்தரும் சொல்லிக் குடுக்கல, சத்தம் போட்டா அடங்கிருவான்னு நெனைக்கிறாங்க, குடிகாரனுக்கு அது சரிவரும், பயந்து போன நோயாளிக்கு அது எண்ணெய் ஊத்துற வேலை. அப்புறம் ஆளை ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனா அங்க அட்மிட் ஆகுற வரைக்கும் மணிக்கணக்கா நிக்கணும், ஸ்டேஷன்ல ஜீப்பு எங்கன்னு ஓஐசி (பொறுப்பதிகாரி) ஏசுவாரு. அதனாலதான் நிறையப் பேர் "அம்மா பாத்துக்கங்க"ன்னு எழுதி வாங்கிட்டுத் திரும்பிருவாங்க. மூணாம் நாள் அதே வீட்ல இருந்து திரும்ப கோல் வரும்.

அமெரிக்காவுல மெம்ஃபிஸ்ல 1988ல தொடங்கின சிஐடின்னு (நம்ம குற்றப் புலனாய்வு சிஐடி இல்ல, கிரைசிஸ் இன்டர்வென்ஷன் டீம்) ஒரு முறை இருக்கு, அதுக்கு முந்தின வருஷம் பொலிஸ் ஒரு மனநோயாளியச் சுட்டுக் கொன்னதுக்குப் பெறகு வந்தது. விருப்பப்பட்டு வர்ற ஒபிசர்மாருக்கு நாப்பது மணித்தியாலம் ட்ரெய்னிங், ஆனா அதோட முக்கியமான பகுதி ட்ரெய்னிங் இல்ல, கொண்டு போனா கேள்வி கேக்காம ஒடன எடுக்கிற ஒரு ஆஸ்பத்திரி வாசல். எனக்கு அந்த வாசல் இருந்திருந்தா போதும். ஒவ்வொரு ஜீப்புக்கும் ஒரு நர்ஸ் கேட்டா இந்த நாட்டுல கெடைக்காது, வார்டுக்கே இல்லை. ஆனா ஸ்பொட்ல நின்னுகிட்டு 1926க்கோ, டியூட்டி டொக்டருக்கோ போன் போட்டு ஸ்பீக்கர்ல வைக்கலாமே. டெக்சாஸ்ல ஹாரிஸ் கவுண்டி ஷெரிஃப் ஆக்கள் (அங்கத்தைய பொலிஸ்) டேப்லெட்ல மனநல நிபுணரக் காட்டிப் பேச வைக்கிறாங்க, அதுக்கு வேன் வேணாம். தமிழ் தெரியாத கொன்ஸ்டபிளுக்கு அந்தப் போன்லயே மொழிப் பிரச்சினையும் பாதி தீரும்.

இன்னொண்ணு, சாக முயற்சி பண்ணின ஆளுக்காக கோல் எடுக்க சனம் இன்னமும் பயப்படுது, கேஸ் போடுவாங்கன்னு. அது குற்றமா இருந்தது 1998 வரைக்கும்தான், சட்டத்துல இருந்து எடுத்தாச்சு. தைரியமாக் கூப்பிடுங்க.

வார்ட் மிஸ்ஸி:

சார்ஜன்ட் ஐயா சொன்ன ஸ்பீக்கர் போன் எனக்குச் சரியாப் படுது, கொட்டாஞ்சேனைத் தம்பிக்கும் அதில பதில் இருக்கு, நர்ஸ் ஜீப்பில ஏற வேண்டியதில்ல. ஆனா மணிக்கணக்கா நிக்கிறதுக்கு எங்கள மட்டும் குற்றம் சொல்லாதேங்கோ ஐயா, கட்டில் இல்லாட்டி நாங்க எங்க வைக்கிறது. லண்டன்ல மனநலச் சட்டத்திண்ட 136ஆம் பிரிவில பொலிஸ் கொண்டு வர்ற ஆளை 24 மணித்தியாலத்துக்குள்ள பாக்கோணும் எண்டு சட்டமே இருக்கு, அப்பிடி இருந்தும் வாசல்ல காத்துக் கிடந்து அலுத்துத்தான் 2023ல மெட் பொலிஸ் உயிராபத்து இல்லாட்டி இந்தக் கோல்களுக்கு வரமாட்டம் எண்டு சொன்னது. எங்கட மனநோய்ச் சட்டம் 1873ல வந்தது, 1956ல கொஞ்சம் திருத்தினது, அவ்வளவுதான். புதுச் சட்டம் எண்டு நான் வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து கேள்விப்படுறன்.

தெமட்டகொடை ராத்தா:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாம் வாசிச்சேன். எனக்கு ஒரு சந்தேகம். எங்கட தங்கச்சிக்கு பிள்ளை கிடைச்சதுக்குப் பொறகு இப்படி ஆகி, ஆம்பிளப் பொலிஸ் ரெண்டு பேர் ரூமுக்குள்ள வந்ததும் புள்ள கத்தின கத்து, உம்மாக்கு இன்னமும் கனவுல கேக்குதாம். பொம்பளப் பொலிஸ் கேட்டா அனுப்புவாங்களா? கேக்க உரிமை இருக்கா?

ரிட்டயர்ட் சார்ஜன்ட்:

வ அலைக்கும் ஸலாம் மகள். தாராளமாக் கேளுங்க. 119க்கு அடிக்கும்போதே பொம்பளப் புள்ள, பெண் கொன்ஸ்டபிளோட வாங்கன்னு சொல்லிருங்க, பொறகு ஸ்டேஷனுக்கும் நேர அடிச்சு அதையே திரும்பச் சொல்லுங்க, 119ல சொன்னது ஸ்டேஷனுக்குப் போய்ச் சேரும்போது பாதி கொறஞ்சிரும். ராத்திரில எல்லா ஸ்டேஷன்லயும் கைவசம் இருக்கமாட்டாங்க, அப்படின்னா ஆம்பளைங்க வாசலுக்கு வெளிய நிக்கட்டும், நீங்களோ உம்மாவோ உள்ள இருங்கன்னு கேக்கலாம். ஆயுதம் ஒண்ணும் இல்லன்னா அதுக்கு ஒத்துக்குவாங்க.

வார்ட் மிஸ்ஸி:

ராத்தா, பிள்ளை கிடைச்சு எவ்வளவு நாள்? இப்ப மருந்து எடுக்கிறாவா? பிள்ளை கிடைச்ச முதல் கிழமைகள்ல நித்திரையே இல்லாம, சம்பந்தமில்லாமக் கதைச்சுக்கொண்டு இருந்தா அது ஆறப் போட்டுப் பாக்கிற விஷயம் இல்ல, அண்டைக்கே ஆஸ்பத்திரி, தாயையும் பிள்ளையையும் தனிய விடவும் வேண்டாம். மெசேஜ் போடுங்கோ, எந்த கிளினிக் உங்களுக்குக் கிட்ட எண்டு பாத்துச் சொல்றன்.