வாளிக்கு எத்தனை டிகிரி?

[காலை 8:10] நான்: மாமா, நேற்று ராத்திரி பியர் வாளியில் ஈஸ்ட் போட்டேன். ஏர்லாக் (வாயுவை வெளியே மட்டும் விடும் மூடிக்குழாய்) விடாமல் குமிழ் விடுகிறது. அறை 21 டிகிரி. ஏல் வகை பியர் ஈஸ்டுக்கு 18 முதல் 22 வரை என்று பாக்கெட்டில் இருக்கிறது. சரிதானே?

[8:14] மாமா: 21 எதில் பார்த்தாய்?

[8:14] நான்: சுவர் தெர்மாமீட்டரில்.

[8:15] மாமா: அது சுவரின் காய்ச்சல். வாளிக்கு எத்தனை?

[8:15] அக்கா: 😂😂

[8:19] மாமா: ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது சூடு கிளப்பும்டா. முதல் இரண்டு மூன்று நாள், நுரை பொங்கும் சமயத்தில், உள்ளே அறையைவிட 3, 4 டிகிரி கூடவே இருக்கும். ருசி கெடுவதும் அந்த நாட்களில்தான். அப்புறம் குளிர வைத்துப் பயனில்லை.

[8:21] அக்கா: போன தடவை வாழைப்பழ வாசம் அடித்ததே, அதுவா?

[8:22] மாமா: அதுவேதான். எஸ்டர், சூட்டில் ஈஸ்ட் கூடுதலாக விடும் பழ வாசப் பொருள். கோதுமை பியரில் இருந்தால் அழகு. இன்னும் சூடு ஏறினால் குடிக்கும்போது தொண்டை எரியும்.

[8:23] நான்: மூடியைத் திறந்து தெர்மாமீட்டர் விடட்டுமா?

[8:23] மாமா: திறக்காதே!! கிருமி உள்ளே புகுந்துவிடும். ஒயர் வைத்த சென்சார் இருக்கிறதல்லவா? அதன் முனையை வாளிக்கு வெளியே, பியர் மட்டத்துக்குக் கீழே டேப் போட்டு ஒட்டு. அதன்மேல் தடிமனாக ஸ்பாஞ்ச் வைத்துக் கட்டு. இல்லாவிட்டால் அறைக்காற்றைத்தான் காட்டும்.

[8:25] சித்தி: குழந்தைக்கு அக்குளில் வைத்துக் கையை மூடிப் பிடிக்கிற மாதிரி.

[8:25] மாமா: அதே! ஒட்டுவதற்கு முன் நொறுக்கிய ஐஸ் தண்ணீரில் முனையை வைத்துக் கலக்கு. 0 காட்ட வேண்டும்.

[9:05] நான்: ஐஸில் 0.8 காட்டியது. வாளியில் 25.6 😟

[9:06] மாமா: கழித்தால் 24.8. பெரிய தொட்டியில் தண்ணீர் விட்டு வாளியை உள்ளே வை. தண்ணீர் சென்சாருக்குக் கீழேயே நிற்கட்டும். உறைய வைத்த பாட்டில் ஒன்று, இரண்டு போதும். அவசரப்பட்டு எல்லாவற்றையும் போட்டால் ஈஸ்ட் தூங்கிவிடும்.

[9:08] அக்கா: ஈரத்துணி சுற்ற என் துண்டை எடுக்காதே.

[9:09] நான்: எடுத்தாயிற்று.

[மாலை 6:40] நான்: 21.3. ஒரு பாட்டிலை வெளியே எடுத்துவிட்டேன்.

[6:44] மாமா: நல்லது. நுரை பொங்குவது அடங்கியதும் ஐஸ் வேண்டாம், தானாக 21, 22இல் இருக்கட்டும். வெண்ணெய் வாசம் இருந்தால் ஈஸ்டே தின்று தீர்த்துவிடும். இன்று ராத்திரி மட்டும் ஒரு தடவை எழுந்து பார்.

[6:47] சித்தி: பிள்ளை அழுதபோது எழுந்தவனா இவன்?