எரிப்பானா, பொறிப்பானா, வட்டெழுதியா?

அன்பர்களுக்கு வணக்கம்.

சிடி ரைட்டருக்கு, அதாவது வெற்று சிடியில் கோப்புகளை எழுதும் கருவிக்கு, தமிழ்ச்சொல் தேடி நம் குழுவில் ஒரு வாரமாகக் கடிதங்கள் பறக்கின்றன. நான் வாய் திறக்காமல் படித்துக்கொண்டிருந்தேன். போன சனிக்கிழமை எங்கள் கடையில் நடந்தது இந்த விவாதத்துக்குள் நேராக வந்து விழுவதால் எழுதுகிறேன்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நகல் எடுப்பது, தட்டச்சு செய்வது, கணினி பழுது பார்ப்பது எல்லாம் சேர்ந்த சின்னக் கடை எங்களுடையது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தம்பி, மாரியம்மன் திருவிழாப் படங்கள் இருந்த மெமரி கார்டைக் கொண்டு வந்தான். கூடவே அவன் பாட்டி. சிடியில் போட்டுத் தர வேண்டும், அவ்வளவுதான் வேலை. கடையில் கூட்டம். “நாளைக்குக் காலையில எரிச்சு வெச்சிடுறேன், வந்து வாங்கிக்குங்க பாட்டி” என்றேன்.

பாட்டி முகம் மாறிவிட்டது. “எதைய்யா எரிக்கப் போற? ஆத்தா படத்தையா?”

தம்பி விளக்கினான், நான் விளக்கினேன், ஒன்றும் எடுபடவில்லை. கார்டு முந்தானை முடிச்சுக்குள் போய்விட்டது. கடைசியில், “எரிக்கலை பாட்டி, படத்தை எல்லாம் ஒரு தகட்டுல எழுதித் தர்றேன்” என்றேன். “எழுதுறதுன்னா எழுது. அதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன?” என்று முடிச்சை அவிழ்த்தார். தீமிதிப் படங்களை எரித்துத் தருகிறேன் என்றவனை அவர் கடைக்குள் நிற்க விட்டதே பெரிது.

இனி நம் குழுவின் சங்கதிக்கு வருகிறேன். அன்பர் ஒருவர் எழுதியிருந்தது:

> எரித்தல் என்பதே உலகம் முழுக்கப் புழங்குகிறது. எரிப்பான் என்றால் உடனே விளங்கும்.

இங்கேயும் புழங்குகிறது ஐயா. மலாய்க்காரர்களும் சிடியை ‘பாக்கார்’ செய்வதாகத்தான் சொல்கிறார்கள். ஈக்கான் பாக்கார் என்று கடையில் மீன் சுடுவதும் அதே சொல்தான். அவர்கள் மொழியில் அது உட்கார்ந்துவிட்டது. தமிழில் எரித்தால் மிஞ்சுவது சாம்பல். குப்பையை எரிக்கிறோம், பிணத்தை எரிக்கிறோம். பத்திரமாக இருக்கட்டும் என்று யாரும் எதையும் எரிப்பதில்லை.

உள்ளே நடப்பதும் எரிதல் இல்லை. வெற்று சிடியில் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்குக்கு மேலே மெல்லிய சாயப் பூச்சு ஒன்று இருக்கிறது. 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர், படிக்கும்போது இருப்பதைவிடப் பல மடங்கு வலுவோடு அந்தச் சாயத்தில் விழுகிறது. விழுந்த இடம் சூடாகி, ஒளியைத் திருப்பி அனுப்பும் தன்மை அங்கே மட்டும் குறைகிறது. விழாத இடம் அப்படியே இருக்கிறது. தொழிற்சாலையில் அச்சிட்ட சிடியில் உள்ள பள்ளமும் மேடும் பிளேயருக்கு எப்படித் தெரியுமோ, அப்படியே இந்த இரண்டும் தெரிகின்றன. இவை வரிசையாக அமையும் கோடு நடுவில் தொடங்கி வெளிப்பக்கம் சுருண்டு சுருண்டு போகிறது. ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 1.6 மைக்ரான். பிரித்து நீட்டினால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் வரும்.

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். கடையில் சும்மா உட்கார்ந்திருந்தபோது இதை அவரிடம் சொன்னேன். “அப்ப கத்தி கட்டையில படக்கூடாது, பட்டையில மட்டும் போகணும், அதானே?” என்றார். அதேதான். ஆழம் கூடினாலும் கெடும், குறைந்தாலும் கெடும். மறுபடி அழிக்க முடியுமா என்று கேட்டார். இந்த வகையில் முடியாது என்றேன். “சீவுனா சீவுனதுதான். மறுபட்டை வளர வருசக் கணக்காகும்” என்றார். அழித்து எழுதும் சிடிக்கு ‘மறுபட்டை’ என்றே பெயர் வைத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் ஆசை வந்தது. தோட்டத்தைப் பார்க்காத சென்னைவாசிக்கு அது என்ன புரியும்? விட்டுவிட்டேன்.

> ‘சுடு’ என்று வைக்கலாமே? சூட்டால் நடப்பதுதானே?

சென்னை நண்பர் இதைக் குறும்புக்குத்தான் எழுதியிருப்பார். அவர் ஊரில் சுட்டது என்றால் திருடியது. இங்கே பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் திருட்டு சிடி விற்கிறவர்களை அதிகாரிகள் துரத்துவது உண்டு. ‘சிடி சுட்டுத் தரப்படும்’ என்று கடை வாசலில் பலகை மாட்டினால் மறுநாள் நான் கடையில் இருக்க மாட்டேன்.

‘பதி’ நல்ல சொல்தான், ஆனால் அதற்கு ஏற்கெனவே சுமை அதிகம். பாட்டைப் பதிகிறோம், திருமணத்தைப் பதிகிறோம், கூட்டுறவுச் சங்கத்தில் பெயரைப் பதிகிறோம். ‘பதிவியை முதலில் பதிவு செய்யவும்’ என்று ஒரு வாக்கியம் வரும் நாள் தூரத்தில் இல்லை.

‘பொறி’ மீதுதான் எனக்கும் மயக்கம் இருந்தது. யாழ்ப்பாணத்து அன்பர் அதற்காக அழகாக வாதாடியிருந்தார். தீப்பொறியும் அதில் உண்டு, எழுத்துப் பொறித்தலும் உண்டு, இயந்திரம் என்ற பொருளும் உண்டு. புலியும் வில்லும் கயலும் பொறித்த மரபு. இதைவிடப் பொருத்தமாக ஒரு சொல் கிடைக்காது என்றுதான் நானும் நினைத்தேன். பிறகு அதைத் தொலைபேசியில் சொல்லிப் பார்த்தேன். அதோடு போயிற்று.

கதை இது. கோலாகங்சாரில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் நண்பர் ஒருவர் இருக்கிறார். பள்ளிக் கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, புதிதாக வாங்கிய ரைட்டரை மாட்டிவிட்டு, என்னைக் கூப்பிட்டார். அதன் கருப்பகுதியான கெர்னல் 2.4. அதில் ஐடிஇ கேபிளில் (வன்வட்டு மாட்டும் அதே வகைக் கேபிள்) மாட்டிய ரைட்டரை வழக்கமாக நேரே எழுத வைக்க முடியாது. எழுதுகிற நிரலான சிடிரெக்கார்டுக்கு ஸ்கஸி என்ற வேறோர் இணைப்பு முறையின் பாஷை மட்டும்தான் தெரியும். அதனால் ஐடிஇ ரைட்டருக்கு ஸ்கஸி வேஷம் கட்ட வேண்டும். கணினி எழும்போது லினக்ஸை ஏற்றும் லைலோ நிரலின் அமைப்புக் கோப்பில், இரண்டாம் கேபிளின் முதல் கருவியான (மாஸ்டர்) எச்டிசியை ஐடிஇ-ஸ்கஸி நிரல்கூறு (மாட்யூல்) பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். சேர்த்தார். கணினியை மறுதொடக்கம் செய்தார், மாற்றம் இல்லை. மறுபடி செய்தார், இல்லை. மூன்றாம் முறைதான் கேட்டேன்: “கோப்பைத் திருத்தின பிறகு லைலோவை ஒரு தடவை ஓட்டினீங்களா சார்?” ஓட்டவில்லை. கோப்பை மட்டும் திருத்திவிட்டு லைலோவை ஓட்டாவிட்டால் பழைய அமைப்பிலேயே கணினி எழும். இதில் விழாத ஆளே கிடையாது.

அப்புறம் கருவிகள் இணையும் பாதையான பஸ்ஸைத் துழாவச் சொன்னதும் 0,0,0 என்று மூன்று எண்ணோடு ரைட்டர் தலை காட்டியது. அப்போது, சிடியில் எழுத வேண்டிய கோப்பைக் குறித்து, “இப்ப அந்தப் படிமத்தைப் பொறிங்க சார்” என்றேன். மறுமுனையில் அமைதி. “என்னது, பொரிக்கணுமா?” தமிழாசிரியர் அவர்! எழுத்தில் றகரம் காப்பாற்றும், காதில் காப்பாற்றாது. நம்மில் எத்தனை பேர் பேச்சில் ரகரத்தையும் றகரத்தையும் பிரித்துச் சொல்கிறோம்? கோழி பொரிக்கும் கடைக்குப் பக்கத்திலேயே சிடி பொறிக்கும் கடை வைத்தால் பலகை எழுதுபவர் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதுவார்.

அன்றிலிருந்து என் சோதனை ஒன்றுதான். கலைச்சொல்லைத் தொலைபேசியில் சொன்னால், மறுமுனையில் இருப்பவர் திருப்பிக் கேட்காமல் வேலையைச் செய்ய வேண்டும்.

‘எழுது’ இதில் தேறுகிறது, பாட்டியிடமும் தேறியது. சிக்கல் கருவியின் பெயரில்தான். ‘எழுதி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘எழுதி வாங்கினேன்’ என்றால் கருவியை வாங்கினேனா, பத்திரம் எழுதி வாங்கினேனா? தனியாக நிற்கும்போது அது வினையெச்சமாகத்தான் காதில் விழும். ‘எழுத்தாணி’ எனக்குப் பிடித்தது. ஓலையைக் கீறியது அதுதான், கீறியதை அழிக்கவும் முடியாது. ஆனால் எழுத்தாணி என்றால் கையில் பிடிக்கிற முனை. அதை லேசருக்குக் கொடுக்கலாம், முழுப் பெட்டிக்கும் கொடுப்பது மிகை.

ஆகவே என் முன்மொழிவு வட்டெழுதி. வட்டு, அதாவது டிஸ்க், என்பதோடு ஒட்டி நிற்பதால் பெயர்ச்சொல்லாகவே காதில் விழுகிறது. ‘வட்டெழுதியில் வெற்று வட்டைப் போடுங்கள்’, ‘வட்டெழுதி எந்தக் கேபிளில் இருக்கிறது?’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கில் இடறாது. வினைக்கு எழுது மட்டும் போதும். அழித்து எழுதக்கூடிய தகட்டுக்கு அழித்தெழுது வட்டு.

வட்டெழுத்து என்பது பாண்டிய நாட்டிலும் சேர நாட்டிலும் கல்லில் வெட்டிய பழைய எழுத்து முறையாயிற்றே என்று யாராவது கேட்பீர்கள். ஆமாம். அதனால்தான் ‘வட்டெழுத்து’ என்ற வடிவத்தை நான் தொடவே இல்லை. இந்தப் பெயரைக் கேட்டு அந்தக் கல்வெட்டுகள் யாருக்காவது நினைவுக்கு வந்தால் அதில் நஷ்டம் என்ன? வன்வட்டும் (ஹார்ட் டிஸ்க்) எழுதுகிறதே, அதுவும் வட்டெழுதியா என்று கேட்பீர்கள். அதை யாரும் ரைட்டர் என்று கூப்பிடுவதில்லை, அதனால் குழப்பம் வராது.

ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறோர் இயங்குதளம் வைத்திருக்கும் நண்பருக்கும் இதே சொற்களை வைத்து வழிமுறை எழுதிப் பார்த்தேன். அங்கே அந்நாளில் ஐடிஇ வட்டெழுதி ஏசிடி0 என்ற பெயரில் வந்தது. பர்ன்சிடி நிரல் வேஷம் எதுவும் இல்லாமல் அதில் நேரே எழுதியது. சிடிரெக்கார்டுதான் வேண்டும் என்றால் அட்டாப்பிகேம் நிரல்கூறை ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றினால் அதே கருவி சிடி0 ஆகவும் தெரிந்தது. பாஸ்0, எக்ஸ்பிடி0 என்ற சாதனக் கோப்புகள் இரண்டுக்கும் அனுமதி கொடுக்காவிட்டால் ரூட் என்ற தலைமைப் பயனர் மட்டும்தான் எழுத முடிந்தது. லினக்ஸிலும் 2003 டிசம்பரில் வந்த கெர்னல் 2.6க்குப் பிறகு வேஷம் தேவைப்படவில்லை, எச்டிசியையே நேராகக் காட்ட முடிந்தது. இந்தப் பத்தியை அந்த நண்பருக்கு வாசித்துக் காட்டினேன். ‘வட்டெழுதி’ வந்த இடத்தில் அவர் நிறுத்தவில்லை. ‘நிரல்கூறு’ வந்த இடத்தில் நிறுத்தினார்! அதை வேறொரு நாள் பார்ப்போம்.

இன்னும் மூன்று சொல் பாக்கி.

முதலாவது பஃபர், எழுத வேண்டியதைத் தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் இடம். ‘இடையகம்’ என்று அகராதியில் இருக்கிறது. நான் ‘தாங்கி’ என்பேன். இங்கே தண்ணீர்த் தாங்கி, அதாவது தொட்டி, தெரியாத வீடு கிடையாது. எழுதும் வட்டு நிற்காமல் சுழல்கிறது. ஒரு மடங்கு வேகம் என்றால் நொடிக்கு 150 கேபி. 16 மடங்கில் 2400 கேபி. பழைய வட்டெழுதியின் தாங்கி 2 எம்பி. கணினி ஒரு நொடி வேறு வேலையில் மெனக்கெட்டால் தாங்கி வறண்டு, லேசருக்கு எழுத ஒன்றும் இருக்காது, தகடு பாழ். அப்படிப் பாழானவற்றில் ஏழு எங்கள் கடையில் தேநீர்க் கோப்பைக்கு அடியில் கிடக்கின்றன. பர்ன்-புரூஃப் போன்ற உத்திகள் வந்த பிறகு தாங்கி வறண்டால் நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடர முடிகிறது. அந்நாளைய சிடிரெக்கார்டில் அதைச் சொல்லித்தான் இயக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது, எழுதி முடித்ததும் செய்யும் ஃபிக்ஸேட். ‘இறுதியாக்கல்’ என்கிறார்கள். பூ கட்டுகிறவர்களைக் கேளுங்கள், கடைசியில் முடிச்சுப் போடாவிட்டால் சரம் உருவிக்கொண்டு வந்துவிடும். இதுவும் அதுதான். பொருளடக்கத்தை எழுதி, முன்னும் பின்னும் ஓரம் கட்டாத வட்டை வீட்டு பிளேயர் திரும்பிக்கூடப் பார்க்காது. முடிச்சிடு போதும்.

மூன்றாவது செஷன், அதாவது ஒரு தடவையில் எழுதி முடிக்கும் தொகுதி. ‘அமர்வு’ என்றால் யார் உட்கார்ந்தது? இட்லி ஊற்றும்போது ஒரு ஈடு, இரண்டு ஈடு என்கிறோமே, அந்த ஈடு இங்கே அச்சாகப் பொருந்துகிறது. முதல் ஈடு எழுதி வைக்கலாம், இடம் இருந்தால் பிறகு இரண்டாம் ஈடு. ஒவ்வோர் ஈட்டுக்கும் ஒரு முடிச்சு, வட்டை மூடும்போது கடைசி முடிச்சு. முதல் ஈட்டின் ஓரங்களுக்கே ஏறக்குறைய 22 எம்பி போய்விடும், அடுத்தடுத்ததற்கு 13 எம்பி. ஆகவே நாலு படத்துக்கு ஓர் ஈடு என்று போனால் 700 எம்பி தங்காது. பொரிப்பதை விரட்டிவிட்டு இட்லிக்குப் போகிறானே என்று சிரிக்காதீர்கள். ஈடு என்றால் அடமானமும்தான் என்று மறுப்பு வரும், தெரியும். தொலைபேசியில் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மீதியை நாளை எழுதுகிறேன். பாட்டி மறுபடி வந்திருக்கிறார். பக்கத்து வீட்டுப் பிள்ளை எடுத்த நாற்பது படம் விட்டுப்போயிற்றாம், அதையும் ‘அதே தகட்டுல எழுதிடு’ என்கிறார். நல்ல வேளை, கடைசி முடிச்சு இன்னும் போடவில்லை.