கூம்பலா, சரிவகமா? (அவசரம், மூன்று சொற்கள்)

வணக்கம். படத்திருத்தச் செயலி ஒன்றின் தமிழாக்கத்தை நாளைக் காலைக்குள் அனுப்பியாக வேண்டும். கட்டடப் படங்களுக்கான பக்கத்தில் பேரல் டிஸ்டார்ஷன் (நேர்கோடு வெளிப்பக்கம் பிதுங்குவது), பின்குஷன் டிஸ்டார்ஷன் (உள்ளொடுங்குவது), கீஸ்டோன் கரெக்‌ஷன் (மேலே நெருங்கும் கோடுகளை நேராக்குவது) மூன்றும் உதைக்கின்றன. தற்சமயம் பீப்பாய்த் திரிபு, ஊசித்திண்டுத் திரிபு, சரிவகத் திருத்தம் என்று போட்டிருக்கிறேன். பொத்தானில் 12 எழுத்துக்கு மேல் கொள்ளாது.

> பீப்பாய்த் திரிபு

பீப்பாய் போர்த்துகீசியச் சரக்கு ஐயா. நம்மிடம் மிடா, அதாவது பெரிய பானை, இருக்கிறதே! ஓரத்துத் தூண் இடுப்பில் பிதுங்கி, தலையும் காலும் உள்வாங்கி நின்றால் அது அசல் மிடா.

> மிடா இருக்கிறதே

எங்கே? மொடாக்குடியன் என்ற வசவில்தான் மிச்சமிருக்கிறது. பீப்பாயே இருக்கட்டும்.

திரிபு என்பது பொருந்துமா, அதைப் பாருங்கள். நன்னூலார் சொல்லும் விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். அகலக்கோண லென்ஸில் நடுவைவிட ஓரத்தில் உருப்பெருக்கம் குறைவு. அதனால் நேர்கோடு வளைகிறது. புள்ளிகள் இடம் மாறுகின்றன, தொலைவதில்லை. ஆகவே திரிதல். திருத்தும்போது ஓரம் வெட்டுப்படுகிறது: கெடுதல். காலி மூலையைச் செயலியே இட்டு நிரப்பினால் தோன்றல்! மூன்றுக்கும் பொதுவாக விகாரத் திருத்தம் என்றே வைக்கலாமே.

மூக்கைச் சரிசெய்யும் பொத்தான் என்று நினைத்து அமுக்குவார்கள்.

மூன்றாவதான கீஸ்டோனை ஏன் லென்ஸ் தலையில் கட்டுகிறீர்கள்? அது கேமராவை அண்ணாந்து பிடித்ததால் வருவது. சென்சார் (கேமராவுக்குள் படம் விழும் தகடு) சுவருக்கு இணையாக இருந்தால் செங்குத்துக் கோடுகளும் இணையாகவே விழும். சாய்த்தால் கோடு வளைவதில்லை, மேலே போகப்போக நெருங்குகிறது. அதற்குக் கூம்பல் என்ற சொல் போதும். மாலையில் தாமரை கூம்பவில்லையா? புறநானூற்றில் கூம்பு என்றால் பாய்மரம். அதன் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள், புரியும்.

பாய்மரம் ஏறுகிறவர் யார் இன்று? கூம்பு என்றதும் கணக்குப் பாடத்துக் கூம்புதான் ஞாபகம் வரும். சரிவகம் அதே பாடத்தில் தெளிவாக இருக்கிறது.

சரிவகம் விளைவின் வடிவம். கூம்பல் நடக்கிற செயல். திருத்துவது செயலையா, வடிவத்தையா?

சற்றுமுன் ஒரு கோபுரப் படத்தை நேராக்கிப் பார்த்தேன். கோபுரம் நிமிர்ந்தது, பக்கத்துக் கட்டடத்தின் மேல்மாடி பாதி போயிற்று. மூன்றுக்கு இரண்டு என்ற வாக்குக் கணக்கில் கூம்பல் திருத்தம். மற்ற இரண்டும் முதலில் போட்டபடியே. கோப்பை அனுப்பிவிட்டேன், நன்றி.

கூம்பலை நான் இன்னும் ஏற்கவில்லை.

ஊசித்திண்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே? நான்கு மூலையிலும் இழுத்துக் கட்டிய தோல் போல் பக்கங்கள் உள்ளொடுங்குகின்றன. இழுதோல் திரிபு என்றால் என்ன?

கோப்பு போய்விட்டது ஐயா.