மரபணுவில் பிழை இல்லை, புரதம் மட்டும் இல்லை: எப்படி?

கேள்வி:
என் பெரியம்மாவுக்கு வயது 72. பெருங்குடலின் வலப்புறக் கட்டியை அறுவை செய்து எடுத்திருக்கிறார்கள். டி.என்.ஏ. நகலெடுப்புப் பிழைகளைத் திருத்த உதவும் எம்.எல்.எச்.1 புரதம் கட்டியில் காணப்படவில்லை என்கிறது நோயியல் அறிக்கை. இரத்தத்தில் செய்த சோதனையிலோ அந்த மரபணுவில் சடுதிமாற்றம் எதுவும் இல்லை. 'புரோமோட்டர் மெத்திலேற்றம் உள்ளது' என்ற ஒரே வரியோடு விளக்கம் முடிந்துவிடுகிறது. மரபணு நன்றாக இருக்கும்போது புரதம் எங்கே போயிற்று? அவருடைய பிள்ளைகளும் பயப்பட வேண்டுமா?

மறுமொழி 1:
மரபணு அப்படியேதான் இருக்கிறது. அதைப் படிக்கத் தொடங்கும் இடமான புரோமோட்டர்தான் அடைபட்டுவிட்டது. அங்கே சைட்டோசினும் குவானினும் அடுத்தடுத்து நெருங்கி வரும் சைட்டோசின்களில் மெத்தில் குழுக்கள் ஒட்டிக்கொள்கின்றன. அவற்றை அடையாளம் காணும் புரதங்கள், ஹிஸ்டோன்களிலிருந்து (டி.என்.ஏ. சுற்றப்பட்டிருக்கும் புரதங்கள்) அசெட்டைல் குழுவை நீக்கும் நொதிகளை அழைத்துவர, டி.என்.ஏ.வும் ஹிஸ்டோன்களும் சேர்ந்த குரோமாட்டின் இறுகி, படியெடுக்கும் இயந்திரம் உள்ளே நுழைய முடியாமல் போகிறது. செல் பிரியும்போது டி.என்.எம்.டி.1 என்ற நொதி இந்த மெத்தில் அடையாளத்தைப் புதிய இழையிலும் பதித்துவிடுவதால், சேய்ச் செல்களிலும் அந்த மரபணு மௌனமாகவே இருக்கிறது.

பிள்ளைகளைப் பொறுத்தவரை, இது பெரும்பாலும் கட்டிக்குள் மட்டும் நிகழ்ந்த மாற்றம். பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும், பரம்பரையாக வரும் லிஞ்ச் நோய்க்குறி அன்று. கட்டியில் பிராஃப் மரபணுவின் வி600இ மாற்றமும் இருந்தால் அந்த முடிவு இன்னும் உறுதிப்படும். அறிக்கையில் அது இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

மறுமொழி 2:
ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பாடநூல்கள் இதை ஒரு மரபணு, ஒரு பூட்டு என்றே காட்டுகின்றன. எனக்கு அந்தப் படம் போதவில்லை. பெருங்குடல் புற்றுநோயில் இரண்டாம் குரோமோசோமின் 2க்யூ14.2 பட்டையில், ஏறத்தாழ 40 லட்சம் கார இணைகள் நீளத்துக்கு மரபணுக்கள் ஒருசேர அடங்கிப்போவதை 2006இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்தப் பட்டையில் மெத்தில் குழு ஒட்டாத மரபணுக்களும் அண்டை மரபணுக்களோடு சேர்ந்து அடங்கியிருந்தன. அப்பகுதி நெடுகிலும் ஹிஸ்டோன் எச்3இன் ஒன்பதாவது லைசினில், மரபணுக்களை அடக்கும் அடையாளமான மெத்திலேற்றம் காணப்பட்டது. ஆகவே தனி மரபணுவை மட்டும் சோதிப்பவர் தெருவே இருண்டிருப்பதைக் கவனிக்காமல் ஒரு வீட்டு விளக்கை மட்டும் பார்க்கிறார்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. பிராஃப் வி600இ இருப்பதாக அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறது. இப்போதுதான் கண்ணில் பட்டது. மரபணுவின் எழுத்து மாறவில்லை என்றால், அடைத்ததைத் திறக்க மருந்து உண்டா?

மறுமொழி 1:
ஆய்வகத்தில் உண்டு. மெத்தில் அடையாளம் பதிவதைத் தடுக்கும் டெசிட்டபின் என்ற மருந்தைக் கொடுத்தபோது பெருங்குடல் புற்றுநோய்ச் செல்களில் எம்.எல்.எச்.1 மீண்டும் உருவானது. அதே வகையைச் சேர்ந்த அசாசிட்டிடின், எலும்பு மச்சை சார்ந்த மைலோடிஸ்பிளாஸ்டிக் நோய்களுக்கு 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இவை குறிப்பிட்ட ஒரு மரபணுவை மட்டும் தேடிப்போய்த் திறப்பவை அல்ல. பெருங்குடல் கட்டிக்கு வழக்கமாகக் கொடுக்கப்படுவதும் இல்லை. மேலும் எம்.எல்.எச்.1 இல்லாத கட்டியில் டி.என்.ஏ. நகலெடுப்புப் பிழைகள் திருத்தப்படாமல் குவிந்து, விந்தையான புரதத் துணுக்குகள் உருவாகி, நோயெதிர்ப்புச் செல்களின் கண்ணில் கட்டி எளிதாகப் படுகிறது. நோய் பரவிய நிலையில் இத்தகைய கட்டிகளுக்கு, நோயெதிர்ப்புச் செல்களின் தடையை நீக்கும் மருந்தான பெம்புரோலிசுமாப் பயன்படுவது அதனால்தான். உங்கள் பெரியம்மாவின் கட்டி எந்த நிலையில் இருந்தது என்று அறிக்கையில் பார்த்துச் சொல்லுங்கள்.