மனப்பாரத்துக்குப் போத்தல் குளிசை: நாமாக வாங்கிப் போடலாமா?

கடற்கரைக்_காற்று
வெள்ளவத்தையில் இருக்கிறேன், ஒரு கணக்காளர் ஒப்பீஸில் வேலை. போன வருடம் அப்பா போனதிலிருந்து மனம் எழும்பவே இல்லை. பகலில் சோறு இறங்காது. இரவு பதினொரு மணிக்கு மேல் கிறீம் கிறாக்கர் பக்கற் ஒன்றை முழுதாக முடித்துவிட்டுத்தான் படுப்பேன். லண்டனில் இருந்து சித்தி அனுப்பிய பெட்டியில் சொக்லேட்டோடு ஒரு போத்தல் 5-எச்டிபி வந்தது. 100 மில்லிகிராம், 120 குளிசை. இரவில் ஒன்று என்று ஐந்து கிழமையாகப் போடுகிறேன். முதல் மூன்று கிழமையிலேயே வித்தியாசம் தெரிந்தது. பிஸ்கட் ஆசை பாதியாகக் குறைந்தது, காலையில் எழும்பித் தலை சீவ மனம் வந்தது. ஒப்பீஸில் ஒருவரிடம் சொன்னால், "கண்டதையும் குடிக்காதே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அங்கே கடையில் சீட்டு இல்லாமல் விற்கிற சாமான்தானே? யாராவது போட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

வேர்க்கொம்பு
தங்கச்சி, பயப்படாமல் போடுங்கள். உடம்பு நல்லது என்று சொன்னால் அதைக் கேளுங்கள். என் அம்மா அமுக்கராக் கிழங்குத் தூளைப் பாலில் கலந்து இரவில் தருவார். இன்றும் நான் புறக்கோட்டை கேபோஸ் லேனில் கிழங்காக வாங்கி வந்து வீட்டில் இடிக்கிறேன். 2022-ல் பாமசி பாமசியாக ஏறி இறங்கினோமே, "மருந்து இல்லை" என்ற பதிலைத் தவிர என்ன கிடைத்தது? அந்த நாளில் எங்களைத் தாங்கியது இந்த வேரும் பட்டையும்தான். மனம் சரியில்லை என்று தனியார் டொக்டரைச் சனல் பண்ணிப் போனால், அவர் பார்ப்பது ஐந்து நிமிடம். அதற்கும் இரண்டு மணித்தியாலம் காத்திருக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனைப்_பாமசி
நான் மருந்தாளர். கவுன்டரில் நின்று இருபது வருடமாகிறது. தங்கச்சி, ஒரே ஒரு கேள்வி, தயவுசெய்து பதில் எழுதுங்கள். இதோடு வேறு என்ன போடுகிறீர்கள்? மன அழுத்தக் குளிசை, ஒற்றைத் தலைவலிக் குளிசை, நோவுக்குத் தந்த குளிசை, இருமல் பாணி, எதுவானாலும் எழுதுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்றால், 5-எச்டிபி வெறும் சத்துக் குளிசை இல்லை. மேற்கு ஆபிரிக்கச் செடி ஒன்றின் விதையிலிருந்து எடுக்கிறார்கள். உடம்புக்குள் போனதும் அது செரட்டோனினாக, அதாவது மனநிலையையும் பசியையும் பாதிக்கிற ஒரு இரசாயனமாக மாறுகிறது. மன அழுத்தத்துக்குத் தருகிற பெரும்பாலான மருந்துகள் வேலை செய்வதும் அதே செரட்டோனினில்தான். கடையில் சீட்டுக் கேட்கவில்லை என்பதற்காக உடம்பும் அதைச் சும்மா விடும் என்று எண்ணக் கூடாது.

ஆறுமணி_பஸ்
எனக்கு முதலில் இது வேலை செய்கிறதா என்பதிலேயே சந்தேகம். 2002-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடுகிற கொக்ரேன் குழு இதையும் இதன் மூலப்பொருளான டிரிப்டோபனையும் பற்றிய 108 ஆய்வுகளைத் தேடி எடுத்தது. தரம் தேறியவை இரண்டு. இரண்டிலும் சேர்த்து 64 பேர். மருந்தில்லாத வெறும் குளிசையைவிடக் கொஞ்சம் மேல் என்று தெரிந்தது, அவ்வளவுதான். பசி குறைந்தது என்று காட்டிய இத்தாலிய ஆய்வில் 20 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 900 மில்லிகிராம். அக்கா போடுவது 100. அப்பா போய் ஒரு வருடமாகிறது. காலம்தான் உங்களை எழுப்பியிருக்கும் என்று நினைக்கிறேன்.

கடற்கரைக்_காற்று
தம்பி, காலம் எழுப்பும் என்று எல்லாரும் சொன்னார்கள். ஆட்டத் திவசம் முடிந்த அடுத்த நாளும் நான் அதே இடத்தில்தான் இருந்தேன். அதனால்தான் போத்தலைத் திறந்தேன். இருபது பேரோ இருநூறு பேரோ, என் வீட்டில் என் இரவுகளை எண்ணினது நான்தானே.

வேர்க்கொம்பு
அப்படிக் கேளுங்கள். தம்பியிடமும் ஒன்று கேட்கிறேன். மெலிவதற்கு என்று கடையில் விற்கிற கார்சீனியா வேறென்ன, நம் வீட்டுக் கொறுக்காய்தானே? மீன் குழம்பில் தலைமுறை தலைமுறையாகப் போடுகிறோம், யாருக்கு என்ன வந்தது?

ஆறுமணி_பஸ்
ஐயா, குழம்பில் போடுவது இரண்டு துண்டு. குளிசையில் இருப்பது அதன் புளிப்பமிலத்தைப் பிரித்துச் செறிவாக்கி அடைத்தது. 1998-ல் அமெரிக்காவில் 135 பேருக்குப் பன்னிரண்டு கிழமை கொடுத்துப் பார்த்தார்கள், வெறும் குளிசை போட்டவர்களும் அதே அளவுதான் மெலிந்தார்கள். ஈரல் கெட்ட சம்பவங்கள் பின்னால் பதிவாகியிருக்கின்றன. இன்னொன்று. மெலிகிற "மூலிகை"ப் பெட்டிகள் சிலவற்றில் சிபுட்ரமைன் ஒளிந்திருந்ததைப் பல நாடுகள் பிடித்திருக்கின்றன. மாரடைப்பு, பக்கவாதம் கூடுகிறது என்று 2010-ல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் சந்தையிலிருந்து எடுத்த மருந்து அது. பெட்டியின் மேல் இலைப் படம், உள்ளே தடை செய்த சாமான்.

மழைக்கால_வாசகி
நீங்கள் எல்லாரும் குளிசையைப் பற்றியே கதைக்கிறீர்கள். அக்கா ஏன் டொக்டரிடம் போகாமல் பெட்டியைத் திறந்தா என்பதை யாரும் கேட்கவில்லை.

நான் நான்கு வருடமாக அரசாங்க ஆஸ்பத்திரி மனநல கிளினிக்குக்குப் போகிறேன். முதல் தடவை போக எனக்கு எட்டு மாதம் எடுத்தது. காசு இல்லாமல் இல்லை, அங்கே காசே வாங்குவதில்லை. எங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்து யாராவது குழப்படி செய்தால் "உன்னை அங்கொடைக்குத்தான் அனுப்ப வேணும்" என்பார்கள். மனநல ஆஸ்பத்திரி இருக்கிற அந்த ஊரின் பெயரே எங்கள் வாயில் வசையாகிவிட்டது. அப்புறம் மொழி. பஸ்ஸில், கடையில், ஒப்பீஸில் எனக்குச் சிங்களம் நன்றாக வரும். ஆனால் "நெஞ்சுக்குள்ளே ஏதோ அடைக்குது, ஆனால் அழுகை வருகுதில்லை" என்பதைச் சிங்களத்தில் சொல்ல வரவில்லை. "நித்திரை இல்லை" என்று மட்டும் சொன்னேன். நித்திரைக்குக் குளிசை தந்தார்கள். மூன்றாம் தடவைதான் தமிழ் தெரிந்த ஒரு டொக்டர் வந்தார், அன்றைக்குத்தான் எல்லாம் கதைத்தேன். இந்தச் சுவர்கள் இருக்கும்வரை சித்தியின் பெட்டிதான் பலருக்கு முதல் டொக்டர். அக்காவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் பெட்டியோடு நிற்காதீர்கள், அக்கா. 1926-க்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவனத்தோடு கதைக்கலாம்.

கடற்கரைக்_காற்று
உங்கள் பதிவைப் படித்து அழுதுவிட்டேன்.

பாமசி அண்ணா, நேற்றே பதில் எழுதியிருக்க வேண்டும். பத்து நாளுக்கு முன் பஸ் படியில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. தனியார் டொக்டர் ஒருவர் நோவுக்கு ட்ரமடோல் குளிசை தந்தார், காலையும் இரவும். இதைச் சொல்ல வேண்டுமோ தெரியவில்லை, நான்கு நாளாக உள்ளங்கை வேர்க்கிறது, வயிற்றோட்டம் வேறு. இன்று காலை தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினபோது தட்டில் கடகடவென்று அடித்தது, இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடித்தேன். மாதக் கடைசி வேலைக் களைப்பு என்று நினைத்தேன்.

கொட்டாஞ்சேனைப்_பாமசி
தங்கச்சி, களைப்பு என்று விடாதீர்கள். 5-எச்டிபியை இப்போதே நிறுத்துங்கள். ட்ரமடோலும் செரட்டோனினைக் கூட்டுகிற மருந்து. இரண்டும் சேர்ந்தால் நடுக்கம், வியர்வை, வயிற்றோட்டம், நெஞ்சுப் படபடப்பு வரும், முற்றினால் உயிருக்கே ஆபத்து. நாளை வரை பார்க்க வேண்டாம், இன்றிரவே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், தனியாகப் போகாதீர்கள். போத்தலையும் குளிசை அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். அடுத்த வேளை ட்ரமடோலைப் போடாமல் அவர்களிடம் கேளுங்கள்.

வேர்க்கொம்பு
தங்கச்சி, உடனே போங்கள், மற்றதைப் பிறகு கதைப்போம்.

பாமசித் தம்பி, ஒரு நியாயம் கேட்கிறேன். அந்தப் பிள்ளை மூன்று கிழமை நன்றாகத்தானே இருந்தா. நடுங்க வைத்தது டொக்டர் தந்த குளிசை. வேறென்ன போடுகிறீர்கள் என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இது வந்திருக்குமா? பழி மட்டும் சித்தியின் போத்தலுக்கா?

கொட்டாஞ்சேனைப்_பாமசி
நியாயமான கேள்வி, ஐயா. கேட்டிருக்க வேண்டும். அந்த ட்ரமடோலை எடுத்துக் கொடுத்த பாமசியும் கேட்டிருக்க வேண்டும். வரிசை நீளும்போது நானும் எத்தனை தடவை கேட்காமல் விட்டிருப்பேன் என்று நினைத்து இன்று முழுதும் மனம் சரியில்லை.

ஆனால் கேட்டால் ஆட்கள் சொல்வதுமில்லை. "வேறு மருந்து போடுகிறீர்களா?" என்றால் "இல்லை" என்பார்கள். ஏனென்றால் இதை மருந்து என்றே யாரும் நினைப்பதில்லை. சென் ஜோன்ஸ் வோர்ட் என்று ஒரு மூலிகை இருக்கிறது. இலேசான மனச்சோர்வுக்கு அது வேலை செய்கிறது என்று நல்ல ஆய்வுகளே சொல்கின்றன, நான் மறுக்கவில்லை. அதே மூலிகை கருத்தடைக் குளிசையையும் இரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்பரினையும் ஈரலில் வேகமாக உடைத்துப் பலமில்லாமல் ஆக்கிவிடும். உங்கள் அமுக்கராவும் அப்படித்தான், ஐயா. மன அழுத்தம் குறைகிறது என்று சின்னச் சின்ன ஆய்வுகள் உண்டு. தைராய்டுச் சுரப்பைக் கூட்டவும் கூடும், சிலருக்கு ஈரலைக் கெடுத்தும் இருக்கிறது. டென்மார்க் 2023-ல் தடையே செய்தது. உங்கள் வீட்டில் தைராய்டுக் குறைவுக்குத் தருகிற தைரொக்சின் போடுகிறவர்கள் யாராவது இருக்கிறார்களா?

கடற்கரைக்_காற்று
நேற்றிரவு தம்பியோடு போனேன். போத்தலை மேசையில் வைத்தேன். டொக்டர் முழங்காலில் தட்டினார், கால் துள்ளியது. பாதத்தைச் சட்டென்று மேலே தள்ளிப் பிடித்தார், அது தானாக இரண்டு மூன்று தடவை துடித்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. செரட்டோனின் கூடியதுதான், ஆனால் இலேசான அளவு என்றார். இரண்டையும் நிறுத்தி, இடுப்புக்குப் பரசிற்றமோல் தந்து, விடியும்வரை வைத்திருந்தார்கள். சோர்வுக்கு வேறு காரணம் இருக்குமோ என்று தைராய்டுக்கும் இரத்தச்சோகைக்கும் இரத்தம் எடுத்தார்கள். இன்று கோப்பை சத்தம் போடவில்லை.

ஆனாலும் அந்த மூன்று கிழமை நான் நன்றாக இருந்தேன், அதை இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். மனநல கிளினிக்குக்குத் துண்டு தந்திருக்கிறார்கள், செவ்வாய்க்கிழமை. அங்கேயும் அதைச் சொல்லப் போகிறேன்.

ஆறுமணி_பஸ்
அக்கா, காலம்தான் எழுப்பியிருக்கும் என்று எழுதியதற்கு மன்னிக்க வேண்டும். 64 பேர் என்பதில் மாற்றமில்லை, ஆனால் அதை அன்றைக்கு உங்களிடம் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

வேர்க்கொம்பு
டென்மார்க் தடை செய்ததை நான் ஏற்கவில்லை. இரண்டாயிரம் வருடப் பழக்கத்தை ஒரு கடிதத்தால் தூக்கி எறிய முடியாது. ஆனால் என் மனைவி தைரொக்சின் போடுகிறா. இரவில் என் பாலில் பாதி அவவுக்குத்தான். இன்று காலை அவவின் கிளினிக் கொப்பியில் கடைசி மருந்துக்குக் கீழே "அமுக்கரா, இரவு, ஒரு தேக்கரண்டி" என்று எழுதிவிட்டேன். டொக்டர் பார்க்கும்வரை பால் மட்டும்தான்.

மழைக்கால_வாசகி
அக்கா, தமிழில் கதைக்க ஆள் இருக்குமா என்று யோசிக்காதீர்கள். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் தமிழிலேயே எழுதிக்கொண்டு வாருங்கள், பிஸ்கட் பக்கற்றையும் விடாமல். எந்த ஆஸ்பத்திரி என்று தனிமடலில் சொல்லுங்கள். செவ்வாய் எனக்கு லீவு. ஏழரைக்கு வாசலில் நிற்பேன். சிங்களம் தேவைப்பட்டால் தாளைப் பார்த்து நான் சொல்கிறேன்.