கொலாஜன் கரையாமலே கருப்பை வாய் மிருதுவாவது எப்படி?

நர்சிங்_மூன்றாம்_ஆண்டு:
கொலாஜன் (திசுவுக்கு உறுதி தரும் புரத இழை) கரைவதால்தான் கர்ப்பத்தில் கருப்பை வாய் மிருதுவாகிறது என்று வகுப்புக் குறிப்பில் இருக்கிறது. ஆனால் மென்மை முதல் மூன்று மாதத்திலேயே கைக்குத் தெரிகிறதே? அப்போதே கரைந்துவிட்டால் மீதி மாதங்கள் குழந்தையை எது தாங்குகிறது? ஸ்கேனில் கருப்பை வாயின் நீளம் 25 மி.மீ. என்றதும் டாக்டர்கள் ஏன் உஷாராகிறார்கள்?

திசு_ஆய்வு:
"கரைகிறது" என்பதை முதலில் அடித்துவிடுங்கள். குழப்பமே அந்தச் சொல்லில்தான். கருப்பையின் உடல் பெரும்பாலும் தசை. வாய்ப்பகுதியோ முக்கியமாக இணைப்புத் திசு. அதில் 1ஆம், 3ஆம் வகை கொலாஜன் இழைகள் கயிற்றுப் புரிகளைப் போல ஒன்றோடொன்று குறுக்குப் பிணைப்புகளால் கட்டுண்டிருக்கும். கர்ப்பத்தில் பழைய கொலாஜன் போய்ப் புதியது வந்துகொண்டே இருக்கிறது. இந்தப் பிணைப்புகளை உண்டாக்கும் லைசில் ஆக்சிடேஸ் போன்ற நொதிகள் குறைவதால், புதிதாக வருவதில் முதிர்ந்த பிணைப்புகள் குறைவு. புரி தளர்கிறது, கயிறு அறுவதில்லை. (இந்த விவரங்களில் பெரும்பகுதி எலிகளில் பார்த்துத் தெரிந்துகொண்டது.) கர்ப்பத்தைக் காக்கும் ஹார்மோனான புரோஜெஸ்டெரோன் ஓங்கி நிற்கும் இந்தக் கட்டத்தில் வாய் மிருதுவாக இருந்தாலும் மூடியே இருக்கும்.

கைக்கு எப்படித் தெரியும் என்றால், கர்ப்பமில்லாதபோது மூக்கு நுனியைத் தொட்டதுபோல. கர்ப்பத்தில் உதட்டைத் தொட்டதுபோல.

கடைசி வாரங்களில் வாய் "பழுப்பது" வேறு கதை. ஹயலூரோனான் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலி மூலக்கூறு கூடித் தண்ணீரை இழுத்து வைக்கும். இழைகளுக்கு நடுவே இடம் விட்டுப்போய் அவை கலையும். பிரசவ வலி தொடங்கும்போது இந்தக் கலைந்த திசுதான் கருப்பையின் இழுப்புக்கு இடம்கொடுத்து விரிகிறது. மிருதுவாவது, பழுப்பது, விரிவது, பிரசவத்துக்குப் பிறகு ஆறுவது: நான்கையும் தனித்தனியாகப் படியுங்கள்.

ஸ்கேன்_அறை:
25 மி.மீ. பற்றி. 24 வாரத்தில் சராசரி நீளம் சுமார் 35 மி.மீ. ஒரே குழந்தை உள்ள கர்ப்பத்தில் 25க்குக் கீழே போவது பத்தில் ஒருவருக்கும் குறைவு. அவர்களுக்குக் குறைப்பிரசவ ஆபத்து அதிகம். 30 வாரத்துக்குப் பிறகு சுருங்குவது இயல்பு, அப்போது இதே எண்ணை வைத்துப் பயமுறுத்தக் கூடாது.

அளவு தப்பாவது பெரும்பாலும் அளக்கும் விதத்தால். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் வாய் நீளமாகக் காட்டும். யோனிவழி புரோபை (ஸ்கேன் கருவியின் முனையை) அழுத்தினாலும் அப்படித்தான். கருப்பை வாயின் முன் உதடும் பின் உதடும் ஒரே தடிமனாகத் தெரியும்வரை புரோபைப் பின்னுக்கு இழுங்கள். உள்வாயிலிருந்து (கருப்பைப் பக்க முனை) வெளிவாய் (யோனிப் பக்க முனை) வரை மூன்று முறை அளந்து, படம் சரியாக விழுந்தவற்றில் மிகக் குறைந்ததை எழுதுங்கள். 3 நிமிடமாவது பாருங்கள். திறப்பு உள்வாயிலிருந்து புனல் மாதிரி தொடங்கும் என்பதால், ஸ்பெகுலம் (யோனியை விரித்துப் பார்க்கும் கருவி) வைத்துப் பார்ப்பவருக்கு வெளிவாய் மூடியபடியே தெரியும்.

நர்சிங்_மூன்றாம்_ஆண்டு:
ரொம்ப நன்றி. அப்படியானால் குட்டையாக இருக்கும் எல்லோருக்கும் கருப்பை வாயை இறுக்கிக் கட்டும் தையல் போட்டுவிடலாமா?

லேபர்_வார்டு:
கூடாது. முன்பு குறைப்பிரசவமோ நடுமாதங்களில் கரு இழப்போ இருந்து, 24 வாரத்துக்குள் 25க்குக் கீழே வந்தவர்களுக்குத்தான் தையல் முக்கியமாகப் பயன்படும். அந்த வரலாறே இல்லாமல் நீளம் மட்டும் குறைந்திருந்தால் பொதுவாக யோனிவழி புரோஜெஸ்டெரோன், தினமும் இரவில் 200 மி.கி.

மெக்டொனால்ட் தையல் சுருக்குப்பை வாயைக் கட்டுவதுபோல. பம்பாய் மருத்துவர் ஷிரோத்கர் 1955இல் விவரித்த முறையில், சிறுநீர்ப்பையை ஒதுக்கி உள்வாய்க்கு அருகே கட்டுவார்கள். வழக்கமாக 36-37 வாரத்தில் பிரிக்க வேண்டும். அதற்கு முன்பே பிரசவ வலி வந்துவிட்டால் காத்திருக்கக் கூடாது. நூல் இருக்கும்போதே கருப்பை இழுத்தால் வாய் கிழியும். "தையல் போட்டாச்சு, படுத்தே இருங்க" என்று வீட்டில் சொல்வார்கள். படுத்திருப்பதால் குறைப்பிரசவம் தடுக்கப்படுவதில்லை, காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும். இதை டிஸ்சார்ஜ் அன்று மாமியாரையும் உட்கார வைத்தே சொல்லுங்கள்.